கேஜா, கொம்பியூட்டரா: முதல் காசை எதில் போடுவது?

குருநகரிலிருந்து

போன வைகாசியில் நிலாவெளிக்குப் போய் நான்கு நாளில் ஆரம்பநிலை டைவிங் பயிற்சி முடித்தேன். 18 மீற்றர் வரை போகலாம் என்று சான்றிதழ். பயிற்சியின்போது எல்லாம் பயிற்றுநரின் கையில்தான் இருந்தது. அவர் பெருவிரலைக் காட்டினால் ஏறுவோம், கீழே காட்டினால் இறங்குவோம். எனக்கென்று ஒரு கருவி வேண்டும் என்ற எண்ணமே அப்போது வரவில்லை.

அது ஆடியில் வந்தது. நண்பர் ஒருவருடன் திரும்பப் போனேன். வாடகைக்குத் தந்த ரெகுலேற்றரின் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) குழாயில் இரண்டு முகம் கொண்ட கேஜ் தொங்கியது. ஒன்று சிலிண்டர் அமுக்கம், மற்றது ஆழம். வள்ளத்தில் இருக்கும்போதே ஆழமுள் 3 மீற்றரில் நின்றது. கேட்டேன். "அது கீழே விழுந்த கேஜ், மூன்றைக் கழிச்சுப் பாருங்கோ" என்றார்கள். சரி என்று இறங்கிவிட்டேன். மேலே மூன்று கூட்டிக் காட்டும் முள் கீழேயும் அதே மூன்றுதான் கூட்டிக் காட்டும் என்று எனக்கு யார் சொன்னது? அந்த இடத்திலேயே வேறு கேஜ் கேட்டிருக்க வேண்டும்.

இறங்கும் அவசரத்தில், இறங்கிய நேரத்தைக் குறிக்கும் மணிக்கூட்டின் வளையத்தைத் திருப்பி வைக்கவும் மறந்துபோனேன். முருகைக்கல் ஓரமாக ஒரு திருக்கை போனது. அதன் பின்னால் போனேன். நினைவு வந்து கேஜைப் பார்த்தால் முள் 23இல். மூன்றைக் கழித்தால் 20. என் எல்லையைத் தாண்டிவிட்டேன். எவ்வளவு நேரமாக அந்த ஆழத்தில் இருக்கிறேன் என்பதும் தெரியாது. நண்பர் எனக்கு ஐந்து மீற்றர் மேலே நின்றார். அவர் கையில் டைவிங் கொம்பியூட்டர் இருந்தது, மணிக்கூடு மாதிரிக் கட்டிக்கொண்டால் ஆழத்தையும் நேரத்தையும் பார்த்து இன்னும் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டும். எட்டிப் பார்த்து எனக்கு என்ன பயன்? அது அவர் போன ஆழத்தின் கணக்கு.

ஏறும்போது அவருடையது கத்தியது. நிமிடத்துக்கு 9, 10 மீற்றரை விட வேகமாக ஏறினால் கத்தும் என்று பிறகு சொன்னார். நானும் அதே வேகத்தில்தான் ஏறிக்கொண்டிருந்தேன், என் கேஜ் ஒரு சத்தமும் போடவில்லை. 5 மீற்றரில் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நின்றோம். அதையும் அவர்தான் விரலால் எண்ணிக் காட்டினார்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு பஸ்ஸில் வவுனியா தாண்டும் வரைக்கும் வலியோ விறைப்போ வருகிறதா என்று விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இப்போது கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. பழைய முறையில் ஆழக் கேஜும் மணிக்கூடும் வாங்கி, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று சொல்லும் அட்டவணையோடு பழகுவதா, நேரே கொம்பியூட்டரா? இரண்டிலும் இறங்கியவர்கள் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.


வடமராட்சியிலிருந்து, ஓர் ஆசிரியை

தம்பி, முதலில் ஒன்று. சிலிண்டர் அமுக்கத்தைக் காட்டும் கேஜை இந்தப் போட்டிக்குள் கொண்டுவராதீர்கள். எதை வாங்கினாலும் அது இருக்கத்தான் வேண்டும். சாதாரண கைக் கொம்பியூட்டருக்கு உங்கள் சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று தெரியாது. கொம்பியூட்டர் வந்தால் வீட்டுக்குப் போவது ஆழக் கேஜும் மணிக்கூடும் அட்டவணையும்தான். கடைக்காரர்களே இதைக் குழப்பிச் சொல்கிறார்கள், எனக்கு உண்மையில் கோபம் வரும்.

நான் உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். ஹென்றியின் விதியைக் கரும்பலகையில் எழுதும்போது இப்போது என் உடம்புதான் நினைவுக்கு வருகிறது. அமுக்கம் கூடக்கூட நைதரசன் இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியே போய்விடும். அவசரப்பட்டால் உள்ளேயே குமிழியாகும்.

நான் அட்டவணையில் பழகியவள். நான் படித்த அட்டவணையில் 12 மீற்றரில் 147 நிமிடம் நிற்கலாம், 18இல் 56, 30இல் 20. ஆழம் கொஞ்சம் கூடினால் நேரம் எவ்வளவு சுருங்குகிறது என்பது அதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. கொம்பியூட்டரில் மட்டும் பழகியவர்களுக்கு அது ஓர் எண், அவ்வளவுதான். ஆனால் அட்டவணைக்கு ஒரு முரட்டுத்தனம் உண்டு. 18 மீற்றரில் ஐந்து நிமிடம் நின்று மிச்ச 35 நிமிடமும் 10 மீற்றரில் நீந்தினாலும், 40 நிமிடமும் 18இலேயே நின்றதாக எழுதிவிடும். கொம்பியூட்டர் சில விநாடிக்கு ஒரு தடவை ஆழத்தை எடுத்துக் கணக்கைத் திருத்திக்கொண்டே போகும். 1908இல் ஹால்டேன் என்ற உடலியல் ஆய்வாளர் உடம்பை ஐந்து பகுதியாக வைத்துக் கணக்குப் போட்டார். இன்று பல கொம்பியூட்டர்களில் ஓடும், பூல்மன் என்பவரின் கணக்கில் 16 பகுதி. அதைக் கடலுக்கடியில் மனதால் போட என்னால் முடியாது.

காற்றுக் கணக்கையும் ஒரு தடவை தாளில் போட்டுப் பாருங்கள். 12 லீற்றர் சிலிண்டர், 200 பார் அமுக்கம் (பார் என்பது அமுக்கத்தின் அலகு) என்றால் 2,400 லீற்றர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறவர் 20 மீற்றரில் அமுக்கம் மூன்று மடங்கு ஆவதால் 60 லீற்றர் இழுப்பார். 50 பாரை மிச்சம் வைத்தால் கையில் 1,800 லீற்றர், அதாவது 30 நிமிடம். அட்டவணை 20 மீற்றருக்கு 45 நிமிடம் தருகிறது. அப்படியென்றால் முதல் தடவை இறங்கும்போது நைதரசன் எல்லை வருவதற்கு முன்னால் காற்று முடியும். தொடக்கக்காரர் அமுக்கக் கேஜை மறந்து கொம்பியூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்து அங்கேதான். இரண்டாவது, மூன்றாவது தடவை இறங்கும்போது கதை மாறும். பழைய நைதரசன் இன்னும் உடம்பில் இருக்கும்.

நானும் இரண்டு வருடத்துக்கு முன்னால் கொம்பியூட்டர் வாங்கிவிட்டேன். ஆனால் இறங்க முதல் அட்டவணையில் ஒரு தடவை விரல் வைத்துப் பார்ப்பதை விடவில்லை.


பாசையூரிலிருந்து

ஆசிரியை அக்கா சொன்ன அந்த "இரண்டாவது, மூன்றாவது தடவை" எங்கள் வீட்டுக் கதை.

அப்பா கடலட்டைக்குச் சுழியோடியவர். மன்னார், முல்லைத்தீவு எல்லாம் போய்த் தொழில் செய்தார். ஒரு நாளைக்கு நாலு சிலிண்டர், சில நாள் ஐந்து. கேஜும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. ஆழம் என்பது நங்கூரக் கயிறு எத்தனை பாகம் போகிறது என்பது. காற்று முடிவது வாய்க்குத் தெரியும், இழுக்கும்போது இறுகினால் ஏற வேண்டும். நேரம் என்பது பை நிறையும் வரைக்கும். இப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. அதனால்தான் யாராவது "கவனம்" என்றால் அப்பா சிரிப்பார்.

அன்றைக்குப் பத்துப் பாகம். 18 மீற்றர்தான், உங்கள் சான்றிதழில் இருக்கிற அதே ஆழம். நாலாவது சிலிண்டர் முடிந்து வள்ளத்தில் ஏறினார். அரை மணித்தியாலத்தில் தோள்மூட்டில் வலி. பாரம் தூக்கிய வலி என்று எண்ணெய் போட்டிருக்கிறார்கள். பிறகு இரண்டு காலும் விறைத்தது. கூட நின்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள்: இன்னொரு சிலிண்டரைக் கட்டித் திரும்பக் கீழே இறக்கினார்கள். கீழே போனதும் வலி குறைந்ததாம். ஏறியதும் கூடியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்களின் தகப்பன்மாரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். சுத்தமான ஒக்சிசன் கொடுத்து, படுக்கவைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கடற்படையின் அமுக்க அறை, ஆளை உள்ளே வைத்து அமுக்கத்தைக் கூட்டி மெதுவாகக் குறைக்கிற அறை, திருகோணமலையில் இருக்கிறது. அப்பா அங்கே போய்ச் சேர இரண்டு நாள் பிந்திவிட்டது. இப்போது தடியோடு நடக்கிறார். இடது கால் இன்னும் இழுக்கும்.

அந்த 56 நிமிடத்தை அக்கா எழுதியதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். முதல் சிலிண்டரில் அப்பாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நாலையும் கூட்டினால் எந்த அட்டவணையிலும் இடமில்லை. அவர் ஒரு நாளும் தனக்கு எண்கள் வேண்டும் என்று நினைத்ததில்லை, ஏனென்றால் முதல் சிலிண்டர் எப்போதும் அவரை மன்னித்துவிட்டது.

"பாக்குநீரிணை ஆழமில்லாத கடல், எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று இங்கே கதைப்பார்கள். குடாக்கடலில் பல இடத்தில் எழும்பி நின்றால் தலை வெளியே தெரியும், உண்மைதான். ஆனால் 10 மீற்றரிலிருந்து மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால் ஆழமில்லாத கடலும் ஆளைக் கொல்லும். அதற்குக் கேஜும் உதவாது, கொம்பியூட்டரும் உதவாது. மூச்சு விட்டுக்கொண்டே வர வேண்டும்.

குருநகர் அண்ணை, கொம்பியூட்டர் வாங்குங்கள். ஒரு நல்ல கைத்தொலைபேசிக்குக் கொடுக்கிற காசில் சாதாரணமான ஒன்று வாங்கலாம்.


ரொறன்ரோவிலிருந்து, விடுமுறைக்குச் சுன்னாகம் வந்திருந்தவர்

சுருக்கமாக என் பிழையைச் சொல்கிறேன். மூன்று நாள் தொடர்ந்து இறங்கிவிட்டு, அடுத்த நாள் காலை பலாலியிலிருந்து சென்னைக்கு ரிக்கற் போட்டிருந்தேன். கொம்பியூட்டரில் சின்ன விமானப் படமும் பக்கத்தில் மணித்தியாலமும் வந்தது. முதலில் அது பற்றரி அடையாளம் என்று நினைத்தேன். ஒரு தடவை இறங்கினால் குறைந்தது 12 மணித்தியாலம், பல நாள் இறங்கினால் 18 மணித்தியாலம் பறக்கக் கூடாது என்பது வழிகாட்டல். ரிக்கற்றை மாற்றினேன். கேஜ் இதை ஞாபகப்படுத்தாது.

மலைப் பயணமும் அப்படித்தான், உயரத்தில் அமுக்கம் குறைவதால் மிச்ச நைதரசன் குமிழியாகலாம். திருகோணமலையில் இறங்கிவிட்டு அன்றே நுவரெலியாவுக்கு வான் வண்டியில் ஏறுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அது 1,800 மீற்றருக்கு மேல்.

இன்னொன்று: கொம்பியூட்டரை நண்பருக்குக் கடன் கொடுக்காதீர்கள், ஒரே நாளில் இரண்டு பேர் மாற்றிக் கட்டவும் வேண்டாம். காலையில் இறங்கியவரின் நைதரசனைத்தான் அது சுமந்துகொண்டிருக்கும். பற்றரியை ஊரிலேயே மாற்றிக்கொண்டு போங்கள்.


காரைநகரிலிருந்து

எல்லாரும் கொம்பியூட்டரைப் பற்றியே எழுதுகிறீர்கள். அமுக்கக் கேஜுக்காக ஓர் அனுபவம்.

வள்ளத்தில் உட்கார்ந்து கேஜைப் பார்த்தேன், 200 பார். நல்லது. எனக்குச் சொல்லித்தந்தவர், "பார்த்தது போதாது, பார்த்துக்கொண்டே நாலு தரம் மூச்சு இழும்" என்றார். இழுக்க இழுக்க முள் கீழே விழுந்து விழுந்து எழும்பியது. வால்வு கால்வாசிதான் திறந்திருந்தது. அப்படியே இறங்கியிருந்தால் 15 மீற்றரில் காற்று இறுகியிருக்கும், கேஜோ நிறையக் காட்டிக்கொண்டிருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் முள்ளைப் பார்த்தபடி மூச்சு இழுத்துத்தான் வள்ளத்திலிருந்து பின்பக்கமாகக் கடலில் விழுவேன். வால்வைத் திறக்கும்போது கேஜின் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடிக்கவும் வேண்டாம், பழைய கேஜ் என்றால் வெடித்து வரலாம்.

கம்பியில்லாமல் அமுக்கத்தையும் கையிலேயே காட்டும் விலை கூடிய கொம்பியூட்டர்களும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்தவரின் கையில் சிக்னல் அறுந்து, எண் இருந்த இடத்தில் கோடு மட்டும் நின்றது. குழாயில் கேஜும் இருந்ததால் அமைதியாக ஏறி வந்தார். தொடக்கத்தில் அந்தக் காசு தேவையில்லை என்பது என் எண்ணம்.


குருநகரிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. பாசையூர்த் தம்பி, அப்பாவைப் பற்றி எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் பெரியப்பாவுக்கும் அந்தத் தொழில்தான். அவருக்கு ஏன் தோள் வலி போகவில்லை என்று இப்போதுதான் யோசிக்கிறோம்.

கையில் கட்டும் சாதாரண கொம்பியூட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். கூடவே சொந்தமாக ஓர் அமுக்கக் கேஜ், வாடகைக் குழாயில் பூட்டிக்கொள்ளலாம். போன சனிக்கிழமை கீரிமலைக் கேணியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பொத்தான்களை அமத்திப் பழகினேன். நன்னீர், உப்புநீர் என்று அதில் ஒரு தெரிவு இருக்கிறது. கேணியில் நன்னீருக்கு மாற்றியதைக் கடலுக்குப் போக முதல் திரும்ப மாற்ற வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிப் பைக்குள் வைத்திருக்கிறேன். ஆசிரியை அக்கா சொன்ன காற்றுக் கணக்கும் அதே துண்டின் பின்பக்கத்தில்.


பாசையூரிலிருந்து

அண்ணை, நேற்று நீங்கள் கொண்டுவந்து காட்டியபோது அப்பா அதிகம் கதைக்கவில்லை அல்லவா. நீங்கள் போன பிறகு கேட்டார்: "அது பாகத்தில காட்டுமோ?"

அடியில் காட்டும், ஆறால் பிரித்தால் பாகம் என்றேன். அறுபது அடி என்றால் பத்துப் பாகம் என்று தானே சொல்லிக்கொண்டார். அடுத்த தடவை வரும்போது அடிக்கு மாற்றிக் கொண்டுவாருங்கள். கையில் கட்டிப் பார்க்க வேண்டுமாம்.