சம்பந்தி வீட்டு மாசி மகத்துக்குப் போகிறோம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பென்னாகரத்து அப்பா:
வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுக்கு. ராகியும் நிலக்கடலையும்தான் வெள்ளாமை, மீன் என்றால் ஒகேனக்கல் ஆற்று மீன், இல்லாவிட்டால் சந்தைக் கருவாடு. போன ஆவணியில் மகளைக் காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினம் பக்கம் ஒரு மீனவக் குடும்பத்தில் கொடுத்தோம். நிச்சயத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் போய்விட்டு அன்றே திரும்பியதோடு சரி. இப்போது மாசி மகத்துக்கு நாலு நாள் தங்குகிற மாதிரி வரச்சொல்லி சம்பந்தி போன் செய்தார். என்ன எடுத்துப் போவது, எதைச் செய்யக் கூடாது? என்னால் என் பெண்ணுக்கு அங்கே ஒரு சொல் வந்துவிடக் கூடாது.

காவேரிப்பட்டணம் வாத்தியார்:
ஐயா, நாகை கடற்கரைப் பள்ளிகளில் 11 வருஷம் வேலை பார்த்தவன் நான். நீங்கள் போகிற நாள் அந்த ஊருக்குப் பெரிய நாள். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் அன்றைக்குத் தீர்த்தவாரிக்காக அந்தக் கடற்கரைக்கு எழுந்தருளுவார். அங்குள்ள மீனவர்கள் பெருமாளின் தேவி பத்மினித் தாயாரைத் தங்கள் குலத்துப் பெண்ணாகக் கொண்டாடுகிறவர்கள் என்பதால் பெருமாளையே "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிட்டு வரவேற்பார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பாவாக நீங்கள் அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது கண் கலங்கிவிடும், எனக்கே கலங்கியது.

விடிவதற்கு முன்பே எழுந்து கரைக்குப் போங்கள். படகு வந்ததும் மீனை மணலிலேயே குவித்து ஏலம் விடுவார்கள், கூடையோடு பெண்கள் சுற்றி நிற்பார்கள், வியாபாரம் பெரும்பாலும் அவர்கள் கையில்தான். மத்தியானம் ஆண்கள் நிழலில் உட்கார்ந்து, வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் ஒவ்வொரு கண்ணாக முடிந்துகொண்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் தானாகவே பேசுவார்கள்.

ஒன்று மட்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள், காரைக்கால் பக்கமும் நிறைய இழப்பு. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், அது போதும்.

பாலக்கோட்டு மருமகள்:
அண்ணா, நான் அந்தப் பக்கத்துப் பெண், பாலக்கோட்டில் வாக்கப்பட்டவள். கடலுக்குக் கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போறீங்க" என்று கேட்டுவிடாதீர்கள், நம் பக்கமும் அது ஆகாதுதானே, அங்கே இன்னும் கண்டிப்பு. திரும்பி வந்தபிறகு "பாடு எப்படி?", அதாவது மீன் எவ்வளவு பட்டது என்று கேளுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

பலகாரம், பழத்தட்டு எல்லாம் சரி, அதோடு கொட்டை எடுத்த புளி கொண்டுபோங்கள். தினமும் மீன் குழம்பு வைக்கிற வீடு, புளி காசு கொடுத்து வாங்குகிறவர்கள். நம் புளியைப் பார்த்தால் சம்பந்தியம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம் வரும்.

அப்புறம், சித்திரை வைகாசியில் விருந்துக்குப் போவதாக இருந்தால் யோசித்துப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மட்டும் போகும். விசைப்படகை நம்பிய வீடுகளில் கையில் காசு இருக்காது, ஆனாலும் உங்களுக்கென்று கடன் வாங்கியாவது வஞ்சிரம் வாங்கிப் பொரிப்பார்கள். அந்தச் சங்கடத்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். வேண்டுமானால் அப்போது நம் ஊர் மாம்பழத்தோடு ஒரு பகல் மட்டும் போய்விட்டு வாருங்கள்.

பென்னாகரத்து அப்பா:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி தங்கச்சி. கொல்லையில் புளியமரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, நாளைக்கே உலுக்கச் சொல்கிறேன். ராகி மாவும் கொண்டுபோகலாமா? அவர்கள் களி சாப்பிடுவார்களா என்று தெரியவில்லை.

பாலக்கோட்டு மருமகள்:
கண்டிப்பாகக் கொண்டுபோங்கள் அண்ணா. நான் இங்கே வந்துதான் களி சாப்பிடப் பழகினேன், இப்போது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தால் களிதான் கேட்கிறது. அண்ணியும் கூட வருகிறார்கள் இல்லையா, அங்கே மகளையே கிண்டச் சொல்லுங்கள். கல்யாணம் ஆகிப் போனதிலிருந்து அவளும் களி சாப்பிட்டிருக்க மாட்டாள்.