புதுப்பிப்பு: மொட்டை மாடியில் சுட்ட சிக்கன் உள்ளே வெந்ததா?

ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் சொந்தக்காரர்களுக்குக் கரியில் சிக்கனும் மீனும் சுடப் போகிறேன், லெக் பீஸ் உள்ளே வெந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தேன் இல்லையா, ஞாயிற்றுக்கிழமை சுட்டாயிற்று, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள்.

நிறத்தை நம்பாதே என்று சொன்னவருக்கு நன்றி. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். மேல் தோல் கருஞ்சிவப்பாகி, மசாலா வாசம் மாடிப்படி வரை இறங்கி, தம்பி தட்டோடு வந்து நின்றுவிட்டான், ஆனால் எலும்பில் படாமல் தொடையின் தடித்த இடத்தில் ஊசியைச் செருகினால் 58 டிகிரி செல்சியஸ்தான். 74 வர வேண்டும். தீ நேராகப் படாத ஓரத்துக்குத் தள்ளி மூடி போட்டேன், வந்துவிட்டது. கரி சாம்பல் பூத்த பிறகு கறியை வைத்தால் கருகல் தொல்லை குறையும்.

காசிமேட்டில் வாங்கிய சங்கரா மீன் சுலபம். 63 போதும், முள்ளை விட்டுச் சதை கழன்று வரும். சுடும் வரை ஐஸ் பெட்டியிலேயே இருந்தது. நம்ம ஊர் வெயிலில் வெளியே ஒரு மணி நேரமே அதிகம்.

ஊறவைத்த மசாலா மீந்தால் கடைசியில் தடவலாமா என்று கேட்டவருக்கு: பச்சைக்கறி பட்டது, கொதிக்க வைக்காமல் வேண்டாம். முன்கூட்டியே கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள்.

அப்புறம், மழை வந்தால் அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோவது கூடவே கூடாது. தணல் அடங்கிய மாதிரி இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே தெரியாது. மழை என்றால் தோசைக்கல்தான்.