பழைய வண்டிக்குப் புது ரேடியேட்டர் மாட்டினவங்க அனுபவம் சொல்லுங்க

மார்க்4_கோவை:
அம்பாசடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். மேட்டுப்பாளையம் தாண்டினாலே இன்ஜின் சூடு காட்டற முள் ஏறுதேன்னு செம்பு ரேடியேட்டரைக் கழட்டிட்டு அலுமினியத்துல செஞ்சு மாட்டினேன். அடுத்த ஞாயிறே குன்னூர் கிளம்பியாச்சு, பின் சீட்ல மாமனார், மாமியார். கல்லாறு தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் முள் மறுபடியும் எகிறுது. பர்லியார்ல நிறுத்தினா பானட்டுக்குள்ள இட்லிச் சட்டி. மாமனார் ஒரு வார்த்தை சொல்லல, மங்குஸ்தான் வாங்கப் போயிட்டார். திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல.

அரை மணி ஆறவெச்சு தண்ணி ஊத்தி ஸ்டார்ட் பண்ணினேன். பக்கத்துல நின்ன லாரிக்காரர் வந்தார். புது ரேடியேட்டரைத் திரும்பிக்கூடப் பாக்கல. "ஆக்சிலேட்டர் குடுங்க தம்பி"ன்னார். குடுத்தேன். ரேடியேட்டர்ல இருந்து பம்ப்புக்குத் தண்ணி போற கீழ் ஹோஸ் உறிஞ்சின பால் கவர் மாதிரி ஒட்டிப்போச்சு, விட்டா உப்புது. உள்ள இருக்க வேண்டிய ஸ்பிரிங்கே இல்ல! பம்ப் இழுக்க இழுக்க ரப்பர் ஒட்டிக்குது, தண்ணி எப்படிச் சுத்தும்? ஹோஸைக் கழட்டி, தடிமனான கம்பியைச் சுருட்டி உள்ள சொருகிக் குடுத்தார். ஊட்டி போயிட்டே வந்தோம்.

உறுத்துறது என்னன்னா, அந்தச் செம்பு ரேடியேட்டரைக் காயலான் கடையில எடைக்குப் போட்டுட்டேன். அது மேல ஒரு தப்பும் இல்ல.

டிலைட்காரன்:
நான் ரேடியேட்டரை விட்டுட்டு ஃபேனை மாத்தினவன். ஃபியட் 1100ல எலக்ட்ரிக் ஃபேன். திண்டிவனம் தாண்டி ராத்திரி மழை. ஹெட்லைட், வைப்பர் ரெண்டும் ஓடுது. ஃபேன் "க்ளிக்"குன்னு எடுத்துச்சு பாருங்க, வைப்பர் கண்ணாடிக்கு நடுவுலயே நின்னுபோச்சு, லைட் மெழுகுவத்தி ஆயிடுச்சு. எதிர்ல பஸ். பழைய டைனமோவுல கரண்ட் எடுக்கிற வண்டிங்க அது, அத்தனையையும் எங்கிருந்து தாங்கும்? அதை எடுத்துட்டு, கரண்ட் ஜாஸ்தி குடுக்கிற ஆல்டர்னேட்டர் போட்டப்புறம்தான் நிம்மதி.

ஏலகிரி70:
மேல ரெண்டு பேருமே ரேடியேட்டர் மூடியைப் பத்திப் பேசல, அதான் ஆச்சரியம். எனக்கு ஏற்காட்டுல சூட்டோட திறந்து மணிக்கட்டு வெந்துச்சு, தழும்பு இருக்கு. அதை விடுங்க. மூடியில சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு அழுத்தம் கூடினா கொதிக்கிற சூடு ஒன்றரை டிகிரி போல மேல போகும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 93 டிகிரி வாக்குலயே கொதிச்சிரும். ரப்பர் செத்த மூடி வெச்சிருந்தா உங்க வண்டியும் திறந்த பாத்திரம்தான். அதுக்காக அழுத்தம் ஜாஸ்தியா இருக்கிற புது கார் மூடியைப் போட்டுடாதீங்க, பழைய ரேடியேட்டர்ல மேல் டாங்க்கை ஒட்டியிருக்கிற ஈயப் பத்து பிரிஞ்சிரும். அப்புறம், மெக்கானிக் "நம்ம ஊருக்குத் தேவையில்ல சார்"னு தெர்மோஸ்டாட்டை, அதான் இன்ஜின் சூடாகிற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம வெச்சிருக்கிற வால்வை, பிடுங்கிப் போடுவார், விடாதீங்க, இன்ஜின் சூடே ஏறாம பெட்ரோல் குடிக்கும். கோவைக்காரர் அலுமினியத்துல போர் தண்ணி ஊத்தினார்னா அடுத்த வருஷம் இன்னொரு ரேடியேட்டர் வாங்கலாம். கூலன்ட்தான் ஊத்தணும், வருஷக்கணக்கா மாத்தாம விடவும் கூடாது. மேட்டுல ஏசி போடாதீங்க.

மார்க்4_கோவை:
அண்ணா, என் வண்டியில ஏசியே கிடையாது.

ஹெரால்டு_தாம்பரம்:
நம்ம வண்டலூர்ல செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 சிசி. முன்பக்கம் மொத்தமா முன்னால சாயும், அதனால ரேடியேட்டர் கழட்டறது பத்து நிமிஷ வேலை. அலுமினியம் கேட்டுத்தான் கடைக்குப் போனேன். அங்க இருந்த பெரியவர், "முதல்ல திறந்து பாப்போம்"னு மேல் டாங்க்கைச் சூடு காட்டிப் பிரிச்சார். பாதிக் குழாய்ல வாயே தெரியல, வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு. தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயா விட்டுக் குத்திக் குத்தி எடுத்தார், தரையில கோலமாவு கொட்டின மாதிரி கிடந்துச்சு. திரும்பப் பத்து வெச்சு மாட்டினேன். மூணு வெயில் காலம் ஓடிருச்சு, முள் பாதியைத் தாண்டல. எதுக்குப்பா அலுமினியம்?

டிலைட்காரன்:
உங்களுக்குப் பெரியவர் கிடைச்சார் சார். எங்க ஊர்ல ஈயம் பத்து வைக்கிற ஆள் யாரு இருக்கா? அலுமினியம் ஆசைக்கு மாட்டறதில்ல, வழியில்லாம மாட்டறது.

மார்க்4_கோவை:
ஹெரால்டுக்காரர் எழுதினதைப் படிச்சுட்டு நேத்து அந்தக் காயலான் கடைக்குப் போனேன். ரேடியேட்டர் லோடுல போயிடுச்சாம். மூடி மட்டும் ஒரு டப்பாவுல கிடந்துச்சு, எடுத்துட்டு வந்திருக்கேன். ரப்பர் செத்துதான் போயிருக்கு.