டிஸ்க் பிரேக் மாற்றிய ஜீப்பில் பிரேக் பெடல் தானாக இறங்குகிறது, என்ன பார்க்கலாம்?

கோத்தகிரி ஜீப்:
வணக்கம் அண்ணா. எங்கள் பழைய மகிந்திரா ஜீப்பில் முன்பக்கம் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டோம். பின்னால் டிரம்தான், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் பழையதே. பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. பம்ப் அடித்தால் மேலே வருகிறது. மிதித்தபடியே வைத்திருந்தால் மெல்ல இறங்குகிறது. பிரேக் லைனில் ஏர் எடுத்தாகிவிட்டது, எங்கேயும் ஒழுகவில்லை. ஓட ஓடச் சரியாகும் என்கிறார் மெக்கானிக். மேட்டுப்பாளையம் வரை இறக்கலாமா?

குன்னூர் ஒர்க்‌ஷாப்:
வேண்டாம் தம்பி, வண்டியை நிறுத்தியே வையுங்கள். இது ஓட ஓடச் சரியாகிற கோளாறு இல்லை.

உங்கள் வண்டியில் இரண்டு கோளாறு இருக்கலாம். பம்ப் அடித்தால் எழுகிறது என்றால் உள்ளே ஏர் இருக்கும், இல்லையென்றால் பின் டிரம்மில் ஷூ தள்ளி நிற்கும். முதலில் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் முன் காலிப்பரைக் குனிந்து பாருங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். இடது வலது மாற்றி மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். ஏர் மேலே தங்கிக்கொள்ளும், எத்தனை முறை எடுத்தாலும் ஆயில்தான் வரும். புதிதாக மாற்றிய வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

மிதித்திருக்கும்போதே இறங்குவது வேறு. ஏர் எடுக்கும்போது பெடலை அடிவரை மிதித்திருப்பார்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் வாஷர் வழக்கமாகப் போகாத இடத்தில் துருவும் அழுக்கும் இருக்கும். அதில் உரசி வாஷரின் ஓரம் கிழிந்துவிடும். பிறகு ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. பைப்பைக் கழற்றி, சிலிண்டரின் வாயை பிளக் போட்டு அடைத்து, உள்ளே இருக்கும் ஏரை எடுத்துவிட்டு மிதியுங்கள். கெட்டியாக நின்றால் சிலிண்டர் நல்லது. அப்போதும் இறங்கினால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மசினகுடி டிரைவர்:
கல்லட்டியில் 36 கொண்டை ஊசி இறங்கி முடித்ததும் எனக்கும் பெடல் இப்படித்தான் ஆனது. ஆயில் பழசு, சூட்டில் கொதித்திருக்கிறது. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும். ஈரம் இழுத்ததற்கு 155தான் கணக்கு. ஆறியதும் பெடல் திரும்ப வரும். உங்களுக்கு நிற்கும்போதே இறங்குவதால் குன்னூர் அண்ணன் சொல்வதுதான் சரி.

கோத்தகிரி ஜீப்:
நிப்பிள் மேலேதான் இருக்கிறது அண்ணா. பிளக் போட்டு மிதித்தோம், இறங்குகிறது. புது வாஷர் கிட் மட்டும் போட்டால் போதுமா?

குன்னூர் ஒர்க்‌ஷாப்:
போதாது. சிலிண்டர் உள்ளே கீறியிருந்தால் புது வாஷரும் கிழியும். தவிர, காலிப்பருக்கு ஆயில் அதிகம் தேவை. டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர் சிறியதாக இருந்தால் பெடல் ஆழமாகவே போகும். முன் டிஸ்க், பின் டிரம்முக்கான இரட்டைச் சர்க்யூட் சிலிண்டராக வாங்குங்கள். ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். லைனில் கொஞ்சம் பிரஷரைப் பிடித்து வைக்கும் டிரம்முக்கான வால்வு முன் லைனில் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், பேட் டிஸ்க்கை விடாமல் உரசிச் சூடாகும். மாட்டுவதற்கு முன் மேஜையில் வைத்தே சிலிண்டரில் ஏர் எடுக்க வேண்டும். பின் ஷூவையும் அட்ஜஸ்ட் செய்யுங்கள். அப்புறம் சமதரையில் ஓட்டிப் பாருங்கள். பெடல் முதல் மிதியிலேயே நின்றால் மட்டும் இறக்கத்துக்கு எடுங்கள், அதுவும் ஏறுகிற கியரிலேயே.