புதுப்பிப்பு: கிளினிக்குக்கு எந்த மென்பொருள்?
தொண்டு கிளினிக் ஒன்றின் நோயாளிச் சீட்டுகளைக் கணினிக்கு மாற்ற வழி கேட்டிருந்தேன். பலர் சொன்ன பாம்னி (Bahmni) என்ற மருத்துவமனை மென்பொருளையே போட்டுவிட்டோம். சத்தீஸ்கர் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனையில் வளர்ந்தது அது. நோயாளிப் பதிவுக்கு ஓபன்எம்ஆர்எஸ், ஆய்வகத்துக்கு ஓபன்எலிஸ், பில்லுக்கு ஓடூ. மூன்றும் சேர்ந்தது, உரிமக் கட்டணம் இல்லை. சர்வர் கிளினிக்குக்குள்ளேயே இருப்பதால் நெட் போனாலும் ஓ.பி. (வெளிநோயாளிப் பிரிவு) நிற்காது. எங்களுக்கு அதுதான் முக்கியம்.

நிறுவியதெல்லாம் பெரிய வேலையில்லை. மருந்துப் பட்டியலில்தான் தாவு தீர்ந்தது: ஒரே பாராசிட்டமால், ஆளுக்கொரு பிராண்ட் பெயரில்! மருந்தகத்து அக்கா உட்கார்ந்து சரிபார்க்காவிட்டால் ஐ.டி. ஆட்கள் எத்தனை பேர் போயும் பிரயோஜனமில்லை.

அப்புறம், பேக்கப் பார்த்துக்கொள்ள இன்னும் ஆள் அமையவில்லை. லினக்ஸ் தெரிந்து, மதுரைப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள். வார இறுதியில் மட்டும் வந்துபோனால் போதாது.