ஜாவாவில் போரோபுதூரும் பிரம்பானனும்: வழிகாட்டியோடு நடந்தவர்களின் அனுபவங்கள்

போன ஐப்பசியில் திருச்சியிலிருந்து நாங்கள் 14 பேர் ஜாவா போய் வந்தோம். யோக்யகர்த்தாவில் நான்கு நாள் தங்கினோம். பார்த்ததை எல்லாம் எழுதினால் முடியாது, அதனால் போரோபுதூர் பௌத்தக் கோயிலில் எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்களும் போயிருந்தால் உங்களுக்கு நடந்ததை இங்கே எழுதுங்கள்.

அங்கே போகிறவர்கள் எல்லாரும் உச்சிக்குத்தான் விரைவார்கள். நாங்களும் அப்படித்தான் படிக்கட்டைப் பார்த்து நடந்தோம். வழிகாட்டி கையை நீட்டித் தடுத்தார். ஐம்பதைத் தாண்டியவர், பக்கத்துக் கிராமத்திலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். "மேலே போகலாம், அது எங்கேயும் போகாது. முதலில் கோயிலின் காலைப் பாருங்கள்" என்று சொல்லித் தென்கிழக்கு மூலைக்குக் கூட்டிப்போனார்.

போரோபுதூரின் உண்மையான அடித்தளம் வெளியே தெரிவதில்லை. கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அதைச் சுற்றி இன்னொரு கல் வரிசையை அடுக்கி மூடிவிட்டார்கள். பாரம் தாங்காமல் மண் சரிந்ததால் அப்படிச் செய்தார்கள் என்பது ஒரு கருத்து. மூடிய கல்லுக்குப் பின்னால் 160 புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. 1885-இல்தான் அது வெளி உலகத்துக்குத் தெரிந்தது. கற்களைப் பிரித்து, எல்லாவற்றையும் படம் பிடித்து, மறுபடி மூடினார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் பிடியில் ஜாவா இருந்தபோது இந்த ஒரு மூலையை மட்டும் திறந்தார்கள். அது அப்படியே நிற்கிறது.

அந்தச் சிற்பங்கள் சொல்வது வினைப்பயன். இதைச் செய்தால் இது வரும் என்பதைக் கல்லில் காட்டுகிறார்கள். ஒரு பலகையில் சிலர் கோணல் முகத்தோடு இருக்கிறார்கள். அதன் மேல் விளிம்பில் கீறியதுபோல் சில எழுத்துகள். வழிகாட்டி விரலைக் கல்லில் படாமல் காற்றிலேயே நகர்த்தி, எழுத்து எழுத்தாகப் படித்தார்: "விரூப."

எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி "விரூபம்! அவலட்சணம்!" என்று சத்தமாகச் சொன்னார். வழிகாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சிற்பிக்கு இன்னது செதுக்கு என்று சொல்ல எழுதி வைத்த குறிப்பு அது, வேலை முடிந்ததும் செதுக்கி எடுத்திருக்க வேண்டியது, மூடியதால் தப்பித்தது என்று விளக்கினார். 1,200 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் தன்கீழ் வேலை பார்த்த கல்தச்சருக்கு எழுதிய வார்த்தை. அது எங்கள் பாட்டிக்கு அகராதி இல்லாமல் புரிந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்புறம்தான் மேலே ஏறினோம். வலமாகத்தான் சுற்ற வேண்டும், ஏனென்றால் கதை அப்படித்தான் ஓடுகிறது. அவர்களும் பிரதட்சிணம் என்றே சொல்கிறார்கள். நான்கு நடைகள் இருக்கின்றன. இரண்டு பக்கச் சுவரிலும் சிற்பம். ஒன்று விடாமல் பார்க்க 10 சுற்று வேண்டும். நாங்கள் முதல் நடையில் ஒரே ஒரு சுற்றுதான் வந்தோம், புத்தரின் வாழ்க்கை 120 பலகைகளில் இருக்கும் வரிசையைப் பார்த்துக்கொண்டே. பணிப்பெண்கள் சூழ மாயாதேவி உறங்குகிறாள், மேலே ஒரு ஓரத்தில் கனவில் வரும் யானை. அது ரொம்பச் சின்னது. அவர் காட்டாவிட்டால் தாண்டிப் போயிருப்பேன்.

நடைகளின் சுவர் உயரம், வெளியே எதுவும் தெரியாது. கண் கல்லிலேயே இருக்கும். கடைசிப் படியில் ஏறியதும் சுவர் முடிந்துவிடுகிறது. வட்ட மேடைகள், 72 துளையிட்ட ஸ்தூபிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புத்தர், சுற்றிலும் மலை. கதை சொல்லும் சிற்பம் ஒன்றுகூட இல்லை. அவர் அங்கே எதுவும் விளக்கவில்லை. பத்து நிமிஷம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். நேராக உச்சிக்குப் போயிருந்தால் அந்த வெறுமை எனக்கு ஒன்றும் சொல்லியிருக்காது.

போகிறவர்களுக்கு ஒன்று. இப்போது கோயில் மேல் ஏற ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு, வழிகாட்டியோடுதான். செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் பின்னல் செருப்பைப் போட வேண்டும். படிக்கற்கள் தேய்ந்துபோனதால் இந்த ஏற்பாடு. ஏறும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

* * *

அண்ணா, அந்த "விரூப" நான் பார்க்காமல் வந்துவிட்டேன். எங்களை நேராக மேலே கூட்டிப்போய்விட்டார்கள். ஆனால் பிரம்பானனில் எனக்கு ஒன்று கிடைத்தது, அதை எழுதாமல் இருக்க முடியாது.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. வீட்டு மொட்டைமாடியில் நின்றால் பொதிகை தெரியும். பாபநாசம் அகத்தியர் அருவியில் குளித்து வளர்ந்தவள்.

பிரம்பானனில் நடுவில் இருக்கும் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். கிழக்குப் பார்த்த கருவறையில் மகாதேவர். அவரை வணங்கிவிட்டு வலமாகச் சுற்றினால் தெற்கில் ஒரு தனி அறை வரும். படி செங்குத்து, உள்ளே விளக்கு கிடையாது. எங்கள் வழிகாட்டி முக்காடு போட்ட ஒரு இளம்பெண். அவள் போனில் விளக்கு போட்டுக் கீழிருந்து மேலாகக் காட்டினாள். முதலில் பாதம். அப்புறம் பெரிய தொந்தி. கையில் கமண்டலம், செபமாலை, பக்கத்தில் சூலம். கடைசியில் தாடி. "அகஸ்தியா" என்றாள். "இங்கே பட்டார குரு என்றும் சொல்வோம்."

நான் கைகூப்பி நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் பயந்துபோய், "அம்மா, உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்டாள். இவர் எங்கள் ஊர் மலையில் இருப்பவர், எங்கள் மொழிக்கு முதலில் இலக்கணம் சொன்னவர் என்று நம்புகிறோம், காவிரியைக் கமண்டலத்தில் கொண்டுவந்த கதை உண்டு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். பொதிகை என்ற பெயரை இரண்டு தடவை கேட்டு எழுதினாள். அப்புறம் அவள் தன் பங்குக்குச் சொன்னாள்: கிழக்கு ஜாவாவில் தினோயோ என்ற இடத்தில் கி.பி. 760-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது, அங்கே சந்தன மரத்தில் இருந்த அகத்தியர் உரு மட்கிப்போனதால் அரசர் ஒருவர் கருங்கல்லில் புதிதாகச் செய்து வைத்தார் என்று.

வெளியே வந்து யோசித்தபோது இன்னொன்று தோன்றியது. நம்ம ஊர் சிவன் கோயிலில் தெற்குக் கோஷ்டத்தில் யார் இருப்பார்? தட்சிணாமூர்த்தி, குரு. வடக்கில் துர்க்கை. பிரம்பானனிலும் வடக்கு அறையில் மகிடனை வதைத்த துர்க்கைதான். தெற்கில் குருவாக அகத்தியர். மேற்கில் மட்டும் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். கடல் தாண்டி வந்து அன்னியமான இடத்தில் நிற்கிறோம் என்ற நினைப்பே எனக்குப் போய்விட்டது. எந்தத் திசையில் யார் இருப்பார் என்று என் கால்களுக்கே தெரிந்திருந்தது.

அந்தத் துர்க்கையை ஊர்க்காரர்கள் ரோரோ ஜோங்ராங் என்கிறார்கள். ஒரே ராத்திரியில் ஆயிரம் கோயில் கட்டினால் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொன்ன இளவரசி. 999 முடிந்தபோது ஊர்ப் பெண்களை எழுப்பி நெல் குத்த வைத்து, கிழக்கே தீ மூட்டி, சேவலைக் கூவ வைத்தாளாம். ஏமாந்தவன் கோபத்தில் அவளையே ஆயிரமாவது சிலையாக்கிவிட்டான். இதை வழிகாட்டிப் பெண் சொன்ன விதம் பாட்டி கதை சொல்வதுபோல இருந்தது.

இராமாயணச் சிற்பங்களில் சேதுவை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். வானரங்கள் போடும் கல்லை மீன்கள் வாயில் கவ்வுகின்றன. அதோடு சிவன் கோயில் வரிசை முடிகிறது, மீதிக் கதை பக்கத்தில் பிரம்மா கோயிலில் தொடர்கிறது.

2006 மே 27 நிலநடுக்கத்தைப் பற்றியும் கேட்டேன். அப்போது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஆறு மணிகூட ஆகவில்லை, வீட்டுச் சுவர் விழுந்தது, அப்பா தூக்கிக்கொண்டு ஓடினார் என்றாள். கோயிலிலும் கற்கள் உதிர்ந்தன. "எங்கள் வீட்டை ஒரு வருஷத்தில் கட்டிவிட்டோம். இதற்கு ரொம்ப நாள் ஆயிற்று. ஒவ்வொரு கல்லும் எங்கே இருந்தது என்று தேட வேண்டுமே" என்று சொல்லிக் கோபுரத்தைப் பார்த்தாள்.

* * *

அக்கா சொன்ன தெற்கு அறைக்குள் நான் போகவே இல்லை. எங்களுக்குப் பிரம்பானனில் கொடுத்த நேரம் ஐம்பது நிமிஷம். அன்றைக்கே பத்திக் துணிக்கடைக்கு ஒன்றரை மணி நேரம், வெள்ளி நகைக்கடைக்கு ஒரு மணி நேரம். ஏற்பாடு செய்தவரிடம் கேட்டோம், அட்டவணையை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதில் இன்னும் மனக்குறை இருக்கிறது, எனக்கும்தான். பணம் கட்டும் முன் ஒவ்வொரு கோயிலிலும் எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதே வளாகத்தில் வடக்கே ஒரு கிலோமீட்டருக்குள் செவு இருக்கிறது. அது பௌத்தக் கோயில், மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவருக்கு உரியது, பிரம்பானனுக்கும் முந்தியது. பெரும்பாலும் ஆள் இருக்காது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

* * *

நான் நாகப்பட்டினம். போரோபுதூர் யார் கட்டியது என்று எங்கள் வழிகாட்டி சொன்னபோது, சைலேந்திரர் என்ற பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரில் சூடாமணி விகாரம் என்று ஒரு பௌத்தப் பள்ளி இருந்தது. ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசரான மாறவிஜயோத்துங்கவர்மர் தன் தந்தை பெயரில் எழுப்பியது. அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு விடும் தானமாகக் கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய சிவபக்தர் கொடுத்தது! அதைச் சொல்லும் செப்பேடு 21 ஏடுகள், நெதர்லாந்துக்குப் போய் லெய்டன் செப்பேடு என்ற பெயர் பெற்றது. அதில் அந்த அரசர் சைலேந்திர குலத்தவர் என்று இருக்கிறது. போரோபுதூரைக் கட்டிய அதே குலப்பெயர், இருநூறு ஆண்டு கழித்து எங்கள் ஊர்க் கடற்கரையில்.

இதை வழிகாட்டியிடம் சொன்னேன். அவருக்கு இராசேந்திரனின் 1025 படையெடுப்பு தெரிந்திருந்தது. விகாரம் தெரியாது. "அது இப்போது எப்படி இருக்கிறது?" என்று ஆவலோடு கேட்டார். பதில் சொல்ல நாக்கு எழவில்லை. மிஞ்சியிருந்த கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். மண்ணில் கிடைத்த 350-க்கும் மேற்பட்ட புத்தர் படிமங்களில் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் என்னை முதல் நடையில் ஒரு இடத்துக்கு அழைத்துப்போய்க் கப்பல் சிற்பத்தைக் காட்டினார். பாய்மரம், பக்கவாட்டில் மிதவைக் கட்டை, கயிற்றைப் பிடித்துத் தொங்கும் ஆட்கள். இதைப் பார்த்தே ஒரு கப்பல் செய்து 2003-இல் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்காவில் கானா வரைக்கும் ஓட்டிப்போனார்கள். அந்தக் கப்பல் வளாகத்துக்குள்ளேயே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. "இப்படி ஒன்றில்தான் உங்கள் ஊருக்கு வந்திருப்பார்கள்" என்றார்.

மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறவி எடுத்து அரசாளும் சாவக நாட்டை ஜாவா என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அதையும் சொன்னேன். அமுதசுரபி கதையை முழுசாகக் கேட்டுக்கொண்டுதான் என்னை விட்டார்.

* * *

மறுபடி நான்தான், அம்பாசமுத்திரம். நாகப்பட்டினத்து ஐயா எழுதியதைப் படித்ததும் பிளாவோசான் நினைவுக்கு வந்தது.

பிரம்பானனிலிருந்து காரில் ஐந்து நிமிஷம். வயலுக்கு நடுவில் ஒரே மாதிரி இரண்டு பெரிய பௌத்தக் கோயில்கள், சுற்றிலும் சின்னச் சின்னதாக நிறைய. சைவரான ராக்காய் பிக்காத்தான் என்ற அரசரும் பௌத்தரான அவர் அரசியும் சேர்ந்து செய்த திருப்பணி என்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் நான்கு பேரும் அந்த வழிகாட்டிப் பெண்ணும் மட்டும்தான்.

அவள் ஒரு சின்னக் கோயிலின் கல்லைக் காட்டினாள். அதில் உபயம் செய்தவரின் பட்டம் வெட்டியிருக்கிறது. இப்படிப் பல கோயில்களில், ஒவ்வொன்றிலும் ஒருவர். சிலவற்றில் "அனுமோத" என்று தொடங்குகிறது. உடன்பட்டு மகிழ்ந்து கொடுத்தது என்று அர்த்தம் சொன்னாள். நம்ம ஊர்க் கோயில் தூணில், ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதியிருக்குமே, அது நினைவு வந்து அவளுக்குச் சொன்னேன். ரொம்ப ரசித்தாள். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நான் தொழுதுவிட்டு வருகிறேன், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. நாங்கள் இன்னும் அந்த எழுத்தின் மேல் டார்ச் அடித்துக்கொண்டிருந்தோம்.