மறு: செக் திரும்பிய விஷயம் – முதலில் நோட்டீஸ், அப்புறம் பேச்சு

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

கோலாலம்பூர் தம்பி எழுதியதைப் படித்தேன். கடையைக் காலி செய்தவர் பாக்கி வாடகைக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டதாம், வாட்ஸ்அப்பில் காரமாக எழுதிவிட்டாராம், அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது நேரில் பேசித் தீர்த்துக்கொள்வாராம். அதற்கு மூன்று பெரியவர்கள் ‘அதுதான் சரி, தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகினவனுக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டால் நல்லா இருக்காது’ என்று பதில் போட்டிருக்கிறார்கள். நான் நேர் எதிராகச் சொல்லப் போகிறேன், சித்தப்பாமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இதே யோசனையைக் கேட்டு நடந்து மூன்றரை லட்ச ரூபாயைத் தொலைக்கப் பார்த்தவன் நான்.

2024இல் வீட்டு மாடி வேலையை ஒரு காண்டிராக்டரிடம் ஒப்படைத்தேன். பேர் வேண்டாம், பாதிப் பேருக்குத் தெரியும். காங்கிரீட் போட்டதோடு ஆள் வரவில்லை. கணக்குப் பார்த்ததில் மூன்றரை லட்சம் திருப்பித் தர வேண்டும் என்று அவரே ஒத்துக்கொண்டு, 2025 பிப்ரவரி 3 தேதியிட்டு என் பேருக்குச் செக் கொடுத்தார். என் மச்சான் அதை அறந்தாங்கியில் என் கணக்கில் போட்டார். ‘போதிய இருப்பு இல்லை’ என்று திரும்பியது. பிப்ரவரி 7 அன்று மெமோ (செக் ஏன் திரும்பியது என்று பேங்க் தரும் சீட்டு) கைக்கு வந்தது. நான் ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்தேன்? மாமாவைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். மாமா அவருடைய அண்ணனிடம் பேசினார், அண்ணன் ‘மாசி மகம் கழியட்டும்’ என்றார், மகம் கழிந்ததும் ‘வேறொரு பில் பாஸ் ஆகணும்’ என்றார். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், டீ கூட வாங்கிக் கொடுத்தார்களாம்.

மார்ச் 20 வாக்கில் ஒரு வக்கீலிடம் போனில் விவரம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “மெமோ என்றைக்குக் கிடைத்தது?” தேதியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

விஷயம் இதுதான். செக் திரும்பினால் குற்ற வழக்குப் போட வழி செய்வது 1881ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு. ஆனால் செக் திரும்பியதாலேயே குற்றம் முழுதாகிவிடாது. திரும்பிய தகவல் பேங்கிலிருந்து நமக்குக் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துப் பணத்தைக் கேட்க வேண்டும். அது செக் கொடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்குள்ளும் தரவில்லை என்றால்தான் குற்றம், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் போட வேண்டும். கடைசியாகச் சொன்ன ஒரு மாதம் தவறினால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க இடமுண்டு. முதலில் சொன்ன 30 நாளுக்கு அந்தக் கருணை கிடையாது. என் 30 நாள் மார்ச் 9ஆம் தேதியே முடிந்துவிட்டது, மாமா டீ குடித்துக்கொண்டிருந்த சமயம்.

என்னைக் காப்பாற்றியது செக்கில் இருந்த தேதி. 2012 ஏப்ரல் முதல் செக்குக்கு ஆயுள் மூன்று மாதம் (முன்னே ஆறு மாதமாக இருந்தது). அந்த மூன்று மாதத்துக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் பேங்கில் போடலாம். முதல் தடவை திரும்பியபோது நோட்டீஸ் விடாமல் கோட்டை விட்டிருந்தாலும், இரண்டாவது தடவை திரும்பியதை வைத்து வழக்குப் போடலாம் என்று 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பு, ஒரு தடவை நோட்டீஸ் விட்டுவிட்டு வழக்குப் போடாமல் விட்டால் விட்டதுதான். ஆக, எனக்கு மே மாத ஆரம்பம் வரை உயிர் இருந்தது.

இதற்குள் மாமாவிடம் அந்த ஆள் ஐம்பதாயிரத்தை நீட்டியிருக்கிறார். ‘வந்த வரை லாபம், வாங்கிப் போட்டு வைக்கிறேன்’ என்று மாமா போனில் சொல்ல, வக்கீல் “தொடாதீர்கள்” என்றார். எனக்குக் கோபம் வந்தது, வருகிற பணத்தை வேண்டாம் என்பாரா ஒருவர்? பிற்பாடுதான் விளங்கியது. செக் எழுதிக் கொடுத்த பிறகு ஒரு பகுதிப் பணம் வந்துவிட்டால், செக்கில் இருக்கிற முழுத்தொகை அன்றைய பாக்கி ஆகாது. வந்ததைச் செக்கில் குறிக்காமல் முழுத்தொகைக்கே மறுபடி பேங்கில் போட்டால், திரும்பினாலும் 138 நிற்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மாமா அந்த ஐம்பதாயிரத்தை வாங்கியிருந்தால் மிச்சம் மூன்று லட்சத்துக்கான வழக்கை அங்கேயே அடைத்திருப்பார்கள்.

சித்திரை பிறந்ததும் தருகிறேன் என்ற கடைசித் தவணையும் பொய்த்தது. ஏப்ரல் 21 அன்று செக்கை மறுபடி போட்டோம், 23ஆம் தேதி திரும்பியது. மே 2 அன்று நோட்டீஸ் போனது.

அந்த நோட்டீஸை நான் கற்பனை செய்தது வேறு மாதிரி. ஏமாற்றுப் பேர்வழி, நம்பிக்கைத் துரோகம் என்றெல்லாம் நானே ஒரு பக்கம் எழுதி மெயிலில் அனுப்பினேன், மன உளைச்சலுக்கு ஒரு லட்சம், வட்டி ஒரு தொகை, ஆக மொத்தம் ஐந்து லட்சம் தர வேண்டும் என்று. வக்கீல் அத்தனையும் அடித்துவிட்டார். வந்தது ஒன்றரைப் பக்கம். ‘எனது கட்சிக்காரர்’ என்று ஆரம்பித்து, என்ன வேலைக்காக எவ்வளவு கொடுத்தேன், கணக்கு முடித்தது எப்போது, செக் நம்பர், தேதி, பேங்க், கிளை, என்ன காரணத்தால் திரும்பியது, மெமோ தேதி, ‘இவ்வறிவிப்பு கிடைத்த 15 தினங்களுக்குள் காசோலைத் தொகையான ரூ.3,50,000/-ஐச் செலுத்த வேண்டியது, தவறும் பட்சத்தில்…’ அவ்வளவுதான். ஒரு வசவு இல்லை. வட்டியும் செலவும் கேட்பதானால் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும், செக் தொகை மட்டும் ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் தனித்து நிற்க வேண்டும் என்றார். அப்போது ரொம்பக் கெடுபிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். அதே வருடம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது: ஒரு கோடி ரூபாய் செக், நோட்டீஸில் இரண்டு கோடி கேட்டிருக்கிறார்கள், தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தும் எடுபடவில்லை, வழக்கு போயிற்று. நான் ஐந்து லட்சம் கேட்டு அனுப்பியிருந்தால்?

தபாலில் அனுப்பும்போது அந்த ஆள் இப்போது குடியிருக்கிற விலாசம், செக் கொடுத்தபோது சொன்ன விலாசம் இரண்டுக்கும் அனுப்பினோம், ஏ.டி. கார்டோடு (வாங்கியவர் கையெழுத்துப் போட்டு நமக்குத் திரும்பி வரும் அட்டை). (2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதிலேயே பதிவு வசதி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.) ஒன்று ‘கதவு பூட்டியிருக்கிறது’ என்று திரும்பி வந்தது. அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கச் சொன்னார் வக்கீல், ஏனென்றால் சரியான விலாசத்துக்கு அனுப்பிய தபாலை வாங்காமல் ஒளிந்துகொண்டாலும் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இன்னொன்றை மே 5 அன்று அவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். வாட்ஸ்அப்பும் எழுத்துதானே என்று தம்பி கேட்கலாம். வாதாட வழி இருக்கலாம், ஆனால் எதிர்த் தரப்புக்கு நாமே ஏன் ஒரு வாதத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

பத்தாவது நாள் அவருடைய வக்கீலிடமிருந்து பதில் நோட்டீஸ் வந்தது. செக் பாதுகாப்புக்காகக் கொடுத்ததாம், பாக்கியே இல்லையாம், என் நோட்டீஸ் பொய் புனைசுருட்டாம். மே 19ஆம் தேதி, அதாவது பதினான்காவது நாள், மூன்றரை லட்சமும் என் கணக்கில் வந்து விழுந்தது! இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம் என்பதை அவருடைய வக்கீல் எடுத்துச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். மூன்று மாதம் டீ குடித்து வராத பணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆளும் நானும் இன்றைக்கும் பார்த்தால் பேசிக்கொள்கிறோம். நம் ஊரில்தான் வக்கீல் நோட்டீஸ் என்றால் வெட்டுக்குத்து மாதிரி. லண்டன் பக்கம் கோர்ட்டுக்குப் போகும் முன்னால் ஒரு கடிதம் எழுதி, எளிய வழக்கானால் 14 நாள் அவகாசம் கொடுப்பதுதான் நடைமுறை, எழுதாமல் நேரே போனால் வழக்குப் போட்டவர்தான் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நோட்டீஸ் போன பிறகும் பேசலாம். மாமாவே போய்ப் பேசட்டும், அந்தப் பதினைந்து நாளில் அவர் பேச்சுக்கு இருக்கிற எடை முன்னே இருந்ததில்லை.

போன மடலில் யாரோ வேடிக்கையாகக் கேட்டிருந்தார்கள், கோயில் திருப்பணிக்கு நன்கொடையாகக் கொடுத்த செக் திரும்பினால் அவர் மேலும் வழக்கா என்று. பொதுவாக முடியாது. சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடனுக்கோ பொறுப்புக்கோ கொடுத்த செக்குக்குத்தான் 138, அன்பளிப்புக்கு இல்லை. ஆனால் 1886இல் ஹவுரா டவுன் ஹால் கட்ட நூறு ரூபாய் தருவதாகக் கையெழுத்துப் போட்டுப் பின்வாங்கிய ஒருவரை, அந்த வாக்கை நம்பிக் கட்டட வேலைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள் என்பதால் தரத்தான் வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திருப்பணிக் கமிட்டி இதைப் படித்துவிட்டு உற்சாகமாகிவிட வேண்டாம்.

தம்பிக்கு வருகிறேன். நோட்டீஸ் விட நீங்கள் ஊரில் இருக்க வேண்டியதில்லை, பவரும் (நம் சார்பில் நடக்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) தேவையில்லை, வக்கீலுக்கு மெயிலில் விவரம் கொடுத்தால் போதும். புகார் போடும் கட்டம் வந்தால்தான் பவர், அதுவும் வாடகை விவகாரம் நேரில் தெரிந்த ஒருவருக்கு. உங்கள் அத்தான்தான் மாதாமாதம் வாடகை வாங்கினார் என்றால் அவரே சரியான ஆள், விவரம் தெரியாத ஆளைப் போட்டால் சாட்சி சொல்ல முடியாது. கோலாலம்பூரில் இந்திய ஹை கமிஷனில் சான்றொப்பம் வாங்கி அனுப்பி, ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். வழக்கு உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லையில்தான், 2015 திருத்தத்துக்குப் பிறகு எந்த ஊர்க் கோர்ட் என்ற தொல்லை தீர்ந்தது. எல்லா நாளும் கடந்திருந்தாலும் சிவில் வழக்குக்கு மூன்று வருடம் இருக்கிறது, கோர்ட் ஃபீஸ் கட்டி இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

செக்கில் உள்ள தேதி என்ன, மெமோ என்றைக்கு அத்தான் கைக்கு வந்தது, இந்த இரண்டையும் இன்று ராத்திரிக்குள் எனக்குத் தனியாக எழுதுங்கள். செக்கையும் மெமோவையும் போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டாம், உங்கள் கடைக்காரரின் மைத்துனரும் இந்த மடற்குழுவில்தான் இருக்கிறார்.